விட்ட டிகிரியை எங்கே முடிப்பது: பழைய கல்லூரியா, கிரெடிட் மாற்றமா, இக்னோவில் புதிதாகவா?

குமரி மாவட்டத்தில் பாதியில் நின்ற டிகிரிகள் நிறைய. கல்யாணம், வளைகுடா விசா, வீட்டில் ஒரு நோய் என்று ஏதாவது குறுக்கே வந்திருக்கும். எனக்குக் கல்யாணம். பி.காம். இரண்டு வருஷம் முடித்த கையோடு நின்றது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். டிகிரியை முடித்தே தீருவது என்று இறங்கியபோது மூன்று வழிகள் தெரிந்தன. நான் சேர்ந்தது இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், முதல் வருஷத்திலிருந்து புதிதாக. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

தொலைநிலைக்குச் செலவு குறைவு, அது எல்லோருக்கும் தெரிந்ததே. மதிப்பும் குறைவில்லை: அங்கீகாரம் பெற்ற திறந்தநிலை, தொலைநிலை டிகிரி நேரடி டிகிரிக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லும் தெளிவுபடுத்தியது. அரசு வேலைக்குப் போகிறவர்கள் பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது வேறு. நாம் பாஸ் செய்த தாள் எத்தனை காலத்துக்குச் செல்லும்?

பழைய கல்லூரியை எடுத்துக்கொண்டால், இங்குள்ள கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒன்றிரண்டு அரியர் மட்டும் பாக்கி என்றால் வேறு எங்கும் அலைய வேண்டாம், அங்கேயே கேளுங்கள். ஒரு வருஷமே பாக்கி என்றால், இதற்குள் பாடத்திட்டம் மாறியிருக்கும், தினமும் வகுப்புக்கும் போக வேண்டும். வேலை பார்ப்பவர்களுக்கு அது நடக்காது.

அடுத்தது கிரெடிட் மாற்றம். பாஸ் செய்த தாள்களுக்குக் கிடைத்த கிரெடிட்களை, அதாவது படிப்பின் அளவைச் சொல்லும் புள்ளிகளை, வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோவது. யுஜிசி 2021-ல் கொண்டுவந்த கல்விக் கிரெடிட் வங்கியில் நாம் பெற்ற கிரெடிட்கள் சேமிக்கப்படும், அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். ஆனால் 2021-22 கல்வியாண்டு முதல் படித்தவைதான் கணக்கில் வரும். என் சித்தி மகள் 2023-ல் இரண்டாம் வருஷத்தோடு நின்றவள். எங்கள் வீட்டில் வைத்தே போனில் டிஜிலாக்கரைத் திறந்து, “அக்கா, நாலு செமஸ்டரும் வந்திருக்கு” என்று காட்டினாள். அவளுக்கு இதுதான் வழி. அவளும் சும்மா இருக்க முடியாது, ஏழு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, டிகிரி தரும் நிறுவனத்தில் பாதி கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் டிகிரி என்றால் கையில் 80 இருந்தாலும் 60-க்கு மேல் கொண்டுபோக முடியாது. வங்கி சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். எந்தத் தாளுக்கு எது சமம் என்பதைப் புதிய பல்கலைக்கழகம்தான் சொல்லும்.

என் மதிப்பெண் பட்டியல்கள் அந்த வங்கிக்கு முந்தியவை. பழைய முறையில் கேட்கலாம்தான். அதற்கு நான் படித்த வருஷத்துப் பாடத்திட்டத்தைத் தேடிப் பிடித்து, சான்றொப்பம் வாங்கி, தாள் தாளாக ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அதில் என்ன இருக்கிறது? நான் படித்த கம்பெனிச் சட்டம் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது நடப்பில் இருப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அப்போது வாட் வரி, 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி. ஆலையில் நான் மாதாமாதம் தாக்கல் செய்வது எனக்கு யாரும் சொல்லித்தராத வரி. அந்தத் தாள்களை மறுபடி படிப்பதில் எனக்கு நஷ்டமே இல்லை.

இக்னோவில் எனக்குப் பிடித்தது அதன் அவகாசம். மூன்று வருஷ டிகிரியை ஆறு வருஷம் வரை இழுக்கலாம், அதுவரை பாஸ் செய்த தாள் எங்கும் போகாது. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், தயாரான தாளை மட்டும் எழுதினால் போதும். எங்களுக்கு மார்ச் மாதம் கணக்கு முடிப்பு, ஏப்ரலிலும் அதன் மிச்சம் ஓடும். அதனால் ஜூனுக்குக் குறைவாகவும் டிசம்பருக்கு அதிகமாகவும் தாள்களை வைத்துக்கொள்கிறேன். நிதிக் கணக்கியல் தாள் 6 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது இக்னோ கணக்கு, ஆக 180 மணி நேரம். வீட்டு வேலை முடிந்து இரவில் உட்காரும் ஒருத்திக்கு அது சின்ன எண் இல்லை. மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மெண்டுக்கு. கையால் எழுதி, கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தேர்வு எழுதியும் தாள் முடியாது.

குமரி மாவட்டம் இக்னோவின் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ் வருவது மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து ஆட்களுக்கு வசதி. ஆனால் நான் படிக்கும் பி.காம். பாடம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால்தான் சரிவரும் என்பவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். அங்கே நான் படித்ததில்லை, எனவே நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தின் பாடங்களும் உண்டு. படிக்கக் காசில்லை, சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்க யுஜிசி விதி இடம் தருகிறது. அதை அமல்படுத்துவது அந்தந்தப் பல்கலைக்கழகம். பணம் கட்டும் முன், அந்தப் பாடத்தை எந்தத் தாளுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.