உருண்டு விழுவது உங்கள் தலை அழுக்கு இல்லை: பிசுபிசுப்பு, சிக்கு பெயரில் நடக்கும் ஏமாற்று

தலைப் பிசுபிசுப்புக்கு அழகு நிலையங்களில் 'ஸ்கால்ப் டீடாக்ஸ்' (தலைத்தோல் சுத்திகரிப்பு) என்று ஒரு ஜெல் போடுகிறார்கள். ஈரமில்லாத உச்சந்தலையில் பூசி விரலால் தேய்த்தால் அரை நிமிடத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டு விழும். அதைக் கண்ணாடியில் காட்டி, "பாருங்க, எத்தனை வருஷத்து அழுக்கு! இதுதான் வேர்க்காலை அடைச்சுக்கிட்டு இருக்கு" என்பார்கள். பார்த்தவர் பயந்துபோய் அங்கேயே ஆறு தடவைக்கான பணத்தைக் கட்டிவிட்டு வருவார்.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த புறங்கையில் அதே ஜெல்லைத் தேய்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் உருண்டை வரும். இந்த வகை ஜெல்லில் கெட்டிப்படுத்துவதற்காகக் கார்போமர் சேர்ப்பார்கள். தோலின் உப்பும், கூடவே கலந்திருக்கும் கண்டிஷனர் வகைப் பொருளும் சேரும்போது அது திரிந்துபோய், தேய்க்கத் தேய்க்க உருளும். ஒட்டிக்கொண்ட எண்ணெயும் தூசியும்தான் அந்தச் சாம்பல் நிறம். மற்றபடி உருண்டையில் பெரும்பங்கு ஜெல்லேதான்.

அடுத்த ஏமாற்று, சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துத் தலையில் ஊற்றுவது. வீட்டு வைத்தியம் என்று பரப்புகிறார்கள், பொட்டலமாகக் கட்டியும் விற்கிறார்கள். பொங்கி வரும் நுரையைக் காட்டி அழுக்கு வெளியேறுகிறது என்கிறார்கள். அது கரியமில வாயு. ஒரு வெறும் டம்ளரில் கலந்தாலும் அப்படியேதான் பொங்கும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, தண்ணீரும் ஓர் உப்பும்தான் மிஞ்சும். சோடாவை மட்டும் தேய்ப்பது இன்னும் மோசம். தலைத்தோலின் பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5.5, சோடாக் கரைசலுடையது 8-க்கு மேல். காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் தூக்கிக்கொள்ளும். தூக்கிய செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டும். பிசுபிசுப்புக்கு மருந்து தேடிப் போனவர் சிக்கையும் சேர்த்து வாங்கி வருவது இப்படித்தான். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த இடம் கொப்பளித்துக் கறுத்துப்போகலாம்.

பிசுபிசுப்பு எதனால் வந்தது என்று பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள். குளித்து முடித்த ஈரத்திலேயே முடி மெழுகு பூசியதுபோல இருந்து, சீப்பின் பற்களுக்கிடையில் சாம்பல் நிறக் களிம்பு சேர்ந்தால், அது சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கிய படிவம். இதற்கு வினிகர் உதவும், ஆனால் வரிசை முக்கியம். 5 சதவீத வினிகர் 2 மேசைக்கரண்டியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து முதலில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசிவிட்டு, அப்புறம் ஷாம்பூ போட வேண்டும். வினிகர் அந்தப் படிவத்தை உடைக்கும்போது கொழுப்பு அமிலம் பிரிந்து நிற்கும்; அதை ஷாம்பூதான் எடுக்கும். கடைசியில் வினிகர் ஊற்றி முடித்துக்கொள்கிறவர்களுக்குப் பிசுக்கு போகாததற்குக் காரணம் இதுதான். தலையில் புண், கீறல் இருந்தால் வினிகர் வேண்டாம். சோப்புக் கட்டியைத் தலைக்குப் போடுவதை நிறுத்தாவிட்டால் படிவம் திரும்ப வரும்.

எண்ணெய், மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி என்றால் முதலில் தண்ணீர் படக் கூடாது. ஜெல்லியின் மேல் லேசான எண்ணெய் தடவி 15 நிமிடம் இளக விட்டு, காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பிறகு காய்ந்த தலையிலேயே ஷாம்பூவைத் தடவிப் பிசைந்துவிட்டு, அதன் பின் தண்ணீர். இரண்டு மூன்று முறை தேவைப்படும். நனைத்துவிட்டு ஷாம்பூ போட்டால் அது கிரீஸ் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஷாம்பூவையும் கண்டிஷனரையும் ஒரே கிண்ணத்தில் கலப்பதும் தவறு. பெரும்பாலும் ஒன்று எதிர்மின் தன்மையுள்ளது, மற்றது நேர்மின் தன்மையுள்ளது, இரண்டும் சேர்ந்து பசையாகிவிடும். முட்டை போட்டுச் சுடுதண்ணீரில் அலசினால் முட்டை வெந்து முடியோடு ஒட்டும். மசித்த வாழைப்பழத்தின் துணுக்குகள் சிக்குக்குள் புகுந்தால் ஒவ்வொன்றாகத்தான் பொறுக்க வேண்டும்.

மஞ்சளாக எண்ணெய்ச் செதில் உதிர்ந்து, புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னாலும் அதேபோல இருந்தால் அது அழுக்கு அல்ல, தோல் அழற்சி. இதற்கு எண்ணெய் ஊறவைப்பது, கொழுப்பைத் தின்று வாழும் மலசீசியா பூஞ்சைக்குத் தீனி போடுவதுதான். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து உள்ள 2 சதவீத ஷாம்பூவை வாரம் இருமுறை, 5 நிமிடம் விட்டு அலசுவது வழக்கமான மருத்துவம். வட்டமாக முடி கொட்டியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி சிக்கு. அழகு நிலையத்தில் கெடுப்பது பெரும்பாலும் தலை கழுவும் தொட்டியில். சிக்கோடு வந்தவரைச் சாய்த்து, முடியை எல்லாம் உச்சிக்குச் சுருட்டி, வட்டமாகத் தேய்த்து நுரை எழுப்புவார்கள். நனைந்து உப்பிய முடி அந்தத் தேய்ப்பில் கம்பளிபோல இறுகும். பிறகு வேரிலிருந்து பிரஷ்ஷால் இழுப்பார்கள். அதுவும் வராமல் போனால், "வெட்டறதைத் தவிர வேற வழி இல்லை, ஸ்மூத்னிங் பண்ணினா சரியாகும்" என்பார்கள். ஸ்மூத்னிங் என்பது முடியை வழுவழுப்பாக நேராக்கும் சிகிச்சை; அது முடிச்சை அவிழ்க்காது. சிக்கை எடுக்காமல் கழுவவோ சூடு வைக்கவோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரியான முறை இது. காய்ந்த முடியில், சிக்கு முழுவதும் வழுவழுப்பாகும் அளவுக்குக் கண்டிஷனர் தடவி 30 நிமிடம் விடுங்கள். சிக்கை விரலாலும், வால் சீப்பின் கூர்முனையாலும் மேலிருந்து கீழாக நீளவாக்கில் இரண்டு, நான்கு என்று பிரியுங்கள். ஒரு பிரிவை எடுத்து, முடிச்சுக்கு மேலே இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு வேருக்குப் போகாது. அகலப் பல் சீப்பால் நுனியில் 2 செ.மீ. மட்டும் வாரி, அது தளர்ந்த பின் இன்னும் 2 செ.மீ. மேலே. எடுத்து முடித்த பிரிவைப் பின்னி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளும். இடுப்பளவு முடிக்கு மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகும். கை வலித்தால் மறுநாளைக்கு மிச்சம் வையுங்கள். எல்லாம் பிரிந்த பிறகுதான் தண்ணீர்.

முடிக்கும்போது கையில் ஒரு பெரிய கொத்து வரும். அதைக் காட்டி முடி உதிர்வுக்கு மருந்து விற்பதும் நடக்கிறது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஒரு வாரம் வாராத தலையில் உதிர்ந்த 350 முதல் 700 முடியில் பெரும்பகுதி சிக்குக்குள்ளேயே தங்கியிருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகைவிடச் சின்னக் குமிழ் இருந்தால் தானாக உதிர்ந்தது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல் பிசிறியிருந்தால் அறுந்தது. அறுந்தவை அதிகமானால் சீப்பை நிறுத்திவிட்டு இன்னும் கண்டிஷனர் தடவுங்கள்.

நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கு முடி கல்போல ஒரே கட்டியாகச் சடை விழுவதுண்டு. சீப்பின் முனையே கட்டிக்குள் போகவில்லை என்றால் கத்தரிக்கோல்தான். அப்போதும் குறுக்கே வெட்ட விடாதீர்கள். தோலுக்கும் கட்டிக்கும் நடுவில் சீப்பைச் செருகிக்கொண்டு, கட்டியை நீளவாக்கில் இரண்டு மூன்று இடத்தில் கீறினால் பக்கத்து முடியாவது மிஞ்சும்.