துரு போகிறது, எண்ணெய் போவதில்லை: மூன்று வருடம் வைத்திருந்த பெட்டி

மலேசியாவில், குளுவாங்கில் இருக்கும் மச்சான் நேற்று போன் செய்தார். "நீங்க வச்சிருக்கிற துரு எடுக்கிற பெட்டி 189 வெள்ளியிலேர்ந்து (ரிங்கிட்) 119க்கு இறங்கியிருக்கு, வாங்கலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதே பெட்டியின் கறுப்புக் கிளிப்பின் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்துபோய், நான் அதற்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள், புல் வெட்டும் மெஷின், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் சாமான்கள், இவைதான் வரும். பெட்டி, தண்ணீருக்குள் கரண்ட் விட்டுத் துருவைக் கழற்றும். 12 வோல்ட், இருபது லிட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சலவைச் சோடா, கறுப்புக் கிளிப்பில் (நெகட்டிவ்) துருப்பிடித்த பாகம், சிவப்பில் கரைந்து போவதற்கென்றே ஒரு கட்டடக் கம்பி. புதிதாக வரும் பேட்டரி சார்ஜர்கள் பல, எதிரே பேட்டரி இல்லை என்று தெரிந்தால் கரண்டே விடாது. இது கேள்வி கேட்காமல் விடும். அந்த வகையில் கொடுத்த காசுக்குக் குறை சொல்ல மாட்டேன்.

என் சண்டை அட்டையில் அச்சடித்திருக்கும் ஒரு வரியோடுதான்: "எண்ணெய், கிரீஸ் தானாகவே கழன்றுவிடும்."

கழலாது. தண்ணீர் எங்கே இரும்பைத் தொடுகிறதோ அங்கேதான் கரண்ட் பாயும். கிரீஸ் படிந்த இடத்தில் ஒரு குமிழிகூட வராது. ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் எடுத்தால் சுற்றிலும் துரு போயிருக்கும், கிரீஸ் இருந்த இடம் மட்டும் தேமல் விழுந்த முகம் மாதிரி நிற்கும். தேய்த்துக் கழுவி மறுபடியும் போட வேண்டும். முதல் வருடம் இந்த இரட்டை வேலை எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை.

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். முலாம் பூசும் தொழிற்சாலைகளில் கரண்ட் விட்டே எண்ணெய் எடுக்கிறார்கள். பாகத்தை நெகட்டிவில் மாட்டினால் அதன்மேல் ஹைட்ரஜன் கிளம்பும், எதிர்ப்பக்கம் கிளம்பும் ஆக்சிஜனைப் போல இரண்டு மடங்கு. அந்தக் குமிழிகள்தான் அழுக்கை முட்டித் தள்ளுகின்றன. ஆனால் அங்கே தொட்டி கொதிக்கிற மாதிரிச் சுடும், காஸ்டிக் சோடாவும் சோப்பு மருந்தும் கலந்திருக்கும், கரண்டும் தாராளம். என் வாளியில் பச்சைத் தண்ணீர், மூன்று ஆம்பியர். குமிழி தூக்கம் கலையாமல் எழுந்து வருகிறது.

எண்ணெயிலும் இரண்டு ஜாதி உண்டு என்பதை இந்த ஊரில் இருந்ததால்தான் கற்றுக்கொண்டேன். டிராக்டர் டிரெய்லரின் கொக்கி ஊசி ஒன்று வந்தது, மேலெல்லாம் செம்பனைப் பழத்தின் எண்ணெய் காய்ந்து அப்பியிருந்தது. அடிபட்ட பழத்தில் எண்ணெய் சீக்கிரம் புளித்து அமிலமாகும். குலையைத் தாமதிக்காமல் மில்லுக்கு அனுப்பச் சொல்வதும் அதனால்தான். அந்த அமிலம் சோடாவோடு சேர்ந்தால் சோப்பு. ஒரு மணி நேரத்தில் ஊசி பளிச்சென்று வெளியே தெரிந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். அதே சந்தோஷத்தில் அடுத்ததையும் போட்டேன். நுரை வாளி விளிம்பு வரை ஏறியது. சோப்பு நுரைதானே என்று சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கினேன். படார்! நுரைக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அடைபட்டிருந்திருக்கின்றன, கிளிப்பில் தெறித்த ஒரு பொறி போதுமாக இருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, காது மட்டும் மாலை வரை இரைந்தது. அன்றிலிருந்து வாளி வெட்டவெளியில்தான். முதலில் சுவிட்ச், அப்புறம்தான் கிளிப். நுரையை அவ்வப்போது அள்ளிவிடுகிறேன்.

எஞ்சின் ஆயில் இன்னொரு ஜாதி. அது சோப்பாகாது. சூடு இல்லாத சோடாத் தண்ணீரில் கொஞ்சம் கழன்று மேலே மிதக்கும். பாகத்தை வெளியே எடுக்கும்போது அந்தப் படலத்தின் வழியாகத்தானே எடுக்க வேண்டும்? திரும்பவும் பூசிக்கொண்டு வரும். அடுத்த பாகமும் அதில் முங்கித்தான் உள்ளே போகும். பழைய பேப்பரை மேலே விரித்து எடுத்தால் ஓரளவு ஒட்டி வந்துவிடும்.

இன்னொரு தடவை சிவப்புக் கிளிப் நழுவித் தண்ணீருக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. காலையில் பார்த்தால் எஞ்சின் பிராக்கெட்டின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு. கிளிப்பில் இருந்த செம்பு கரைந்து அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீரில் கரைந்த உலோகம் நெகட்டிவைத் தேடிப் போகும். தொழிற்சாலைகளில் கடைசியாகக் கொஞ்ச நேரம் கரண்டைத் திருப்பி விடுவது இந்த மாதிரிப் படிவுக்காகவும்தான். நான் அந்த விஷப்பரீட்சைக்குப் போகவில்லை. உப்புப் போட்டால் வேகமாக நடக்கும் என்று ஒருவர் ஒரு கைப்பிடி போட்டார், பட்டறை முழுக்கக் குளோரின் வாடை. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அதிலிருந்து குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவே ஒரு நாள். பக்கத்துத் தோட்டத்துப் பையன் அவன் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கத்தியைக் கொண்டுவந்தான். வளைவுக்குள் காய்ந்த ரப்பர் கறுத்துப்போய் இருந்தது. ரப்பர் கரண்டை விடாது என்பதால் மூங்கில் குச்சியால் அதை உரித்தெடுக்கவே அரை மணி நேரம். காலையில் கறுப்புப் பொடியைத் துலக்கியதும் கொல்லன் தட்டிய சுத்தியல் தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வேறு எந்த வேலையும் இவ்வளவு திருப்தி தந்ததில்லை. பாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரத்தையெல்லாம் வெட்டிட்டானுங்க, இப்ப எதுக்குடா இது மினுங்குது?" என்றார். துடைத்து, உடனே எண்ணெய் பூசிக் கொடுத்தேன். பூசாவிட்டால் சாயங்காலத்துக்குள் துரு திரும்பிவிடும். இத்தனை நாள் எண்ணெயோடு போராடிவிட்டு, கடைசியில் நம் கையாலேயே எண்ணெய்!

எனக்கு இந்தப் பெட்டி வேண்டும். ஒயரை ஒட்டி முடித்த கையோடு வாளியில் ஒரு செயினைப் போட்டிருக்கிறேன். மச்சானுக்கு மட்டும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். அவர் மோட்டார் செயினில் போன தீபாவளிக்கு நான் பூசிய கிரீஸ் அப்படியே இருக்கிறது, மண்ணோடு.