ஸ்ட்ரீக்கியா, பேக் பேக்கனா?

அமெரிக்கக் கடையில் பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, கேட்டால், பன்றியின் வயிற்றுப் பகுதியிலிருந்து அறுத்த, கறியும் கொழுப்பும் கோடு கோடாக ஓடும் நீளத் துண்டுகள் கிடைக்கும். இது ஸ்ட்ரீக்கி. இங்கிலாந்தில் அதிகம் விற்பது முதுகுத் தசையிலிருந்து வரும் அகலமான துண்டு. பெரும்பாலும் கறிதான், ஓரத்தில் மட்டும் கொழுப்பு. இது பேக் பேக்கன். ருசிக்கு ஸ்ட்ரீக்கி, உடம்புக்கு பேக் என்பது பலருடைய தீர்ப்பு. முதல் பாதியை ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது பாதி அவ்வளவு எளிதல்ல.

முதலில் சமையல். ஸ்ட்ரீக்கியைச் சூடான சட்டியில் போடக் கூடாது. ஆறிய சட்டியில் அடுக்கிவிட்டு, அப்புறம் குறைந்த தீயில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கொழுப்பு மெல்ல உருகி இறங்கும். துண்டு தன் கொழுப்பிலேயே பொரிந்து மொறுமொறுப்பாகும். நாலைந்து பேருக்கு என்றால் 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 15 முதல் 20 நிமிடம் போதும், எண்ணெய் தெறிக்கும் தொல்லையும் இல்லை. உருகிய கொழுப்பைக் கொட்டாதீர்கள். அதில் வறுத்த உருளைக்கிழங்குக்கு இணை கிடையாது.

பேக் பேக்கனுக்கு இந்த வழி ஒத்துவராது. உருகுவதற்கு அதில் அவ்வளவு கொழுப்பு இல்லை. சட்டி சூடாக இருக்க வேண்டும், துளி எண்ணெய் வேண்டும், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். அதைத் தாண்டினால் செருப்புத் தோல்தான். மலிவான பாக்கெட்டுகளில் இன்னொரு சிக்கல்: உப்புநீரை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். சூடானதும் வெள்ளை நுரையாகக் கசியும், கறி பொரியாமல் வேகும்.

பர்கரிலும் சாலட்டிலும் நொறுக்கிப் போட ஸ்ட்ரீக்கி. ரொட்டி நடுவே வைத்து வாய் நிறையக் கடிக்க பேக். இத்தாலியக் கார்பொனாரா செய்வதென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அதற்கு உரியது பன்றித் தாடையில் செய்யும் க்வான்சாலே.

இங்கிலாந்து முறையின் வரலாற்றிலேயே அமெரிக்கா ஒளிந்திருக்கிறது. வில்ட்ஷயர் மாவட்டத்தின் கால்ன் ஊரில் ஹாரிஸ் குடும்பம் பன்றி இறைச்சித் தொழில் செய்துவந்தது. அந்தக் காலத்தில் குளிர்காலத்தில்தான் இறைச்சியை உப்பிட முடியும், அதுவும் உப்பை அள்ளிக் கொட்டி. 1840களின் பிற்பகுதியில் அமெரிக்கா போன ஜார்ஜ் ஹாரிஸ், அங்கே ஐஸ் வைத்து இறைச்சியைக் குளிரூட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகுதான் கால்னில் ஐஸ் அறைகள் வந்தன. குறைந்த உப்பில், ஆண்டு முழுவதும் பேக்கன் செய்ய முடிந்தது.

அமெரிக்கப் பக்கத்தில் வளர்ச்சிக்குக் காரணம் வியாபாரம். 1924இல் ஆஸ்கர் மேயர் நிறுவனம் துண்டு போட்ட பேக்கனைப் பாக்கெட்டில் விற்கத் தொடங்கியது. அதே 1920களில் பேக்கன் விற்ற பீச்-நட் நிறுவனத்துக்காக, விளம்பர நிபுணர் எட்வர்ட் பெர்னேஸ் ஒரு வேலை செய்தார். காலை உணவு கனமாக இருப்பது நல்லதா என்று ஒரு மருத்துவர் மூலம் ஆயிரக்கணக்கான மருத்துவர்களிடம் கேட்கவைத்தார். நல்லது என்று பதில் வந்தது. பத்திரிகைகளில் அந்தச் செய்தியோடு பேக்கனும் முட்டையும் ஒட்டிக்கொண்டன. கேட்ட கேள்வி என்ன, விற்ற பொருள் என்ன!

சரி, உடம்புக்கு வருவோம். கொழுப்பை மட்டும் பார்த்தால் பேக் பேக்கனுக்கே வெற்றி. ஆனால் 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சி மொத்தத்தையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் ஆபத்தும் அதே அளவு என்று பொருளல்ல. ஆதாரம் உறுதியானது என்பதே பொருள். இந்தக் கணக்கு எடையைப் பார்க்கிறது, கொழுப்பைப் பார்ப்பதில்லை. பொரித்த ஸ்ட்ரீக்கி மெல்லிய துண்டு ஒன்று சுமார் 8 கிராம். பேக் துண்டு சுமார் 25 கிராம். இரண்டே பேக் துண்டில் 50 கிராமைத் தொட்டுவிடுவீர்கள்.

அதற்காக ஸ்ட்ரீக்கி தப்பித்தது என்றில்லை. பேக்கனுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதும், பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியைத் தடுப்பதும் நைட்ரைட். கடும் சூட்டில் அதிலிருந்து புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமின்கள் உருவாகின்றன. கருகக் கருகப் பொரிப்பது ஸ்ட்ரீக்கியைத்தான். இதனால்தான் அமெரிக்க அரசு 1978இல் உப்புநீர் ஏற்றிய பேக்கனில் நைட்ரைட் அளவை 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் 120 பங்கு) ஆக்கி, கூடவே வைட்டமின் சி வகைச் சேர்மங்களைச் சேர்க்கவைத்தது. பொன்னிறத்தில் இறக்கிவிடுவது நம் கையில் இருக்கிறது.

'நைட்ரைட் சேர்க்காதது' என்று கூடுதல் விலைக்கு விற்கும் அமெரிக்கப் பாக்கெட்டை வாங்குமுன் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் செலரிப் பொடி இருக்கும். செலரியிலுள்ள நைட்ரேட்டே நைட்ரைட்டாகி அதே வேலையைச் செய்கிறது. வட அயர்லாந்தின் ஃபின்னப்ரோக் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த பேக்கன் வேறு வகை; பழ, மசாலாச் சாறுகளைக் கொண்டு நைட்ரைட்டே இல்லாமல் செய்தார்கள். உப்பு அதிலும் உண்டு.