டாய்ச்லாந்து டிக்கெட்: 63 யூரோவும் மெதுவான ரயில்களும்

ஜெர்மனிக்குக் குடிவரும் தம்பதிகள் யாராவது முதலில் என்ன வாங்கலாம் என்று கேட்டால், குளிர்கால மேலங்கியைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் டாய்ச்லாந்து டிக்கெட், அதாவது நாடு முழுவதும் உள்ளூர் பஸ்ஸிலும் வட்டார ரயிலிலும் செல்லும் மாதச் சீட்டு. ஊரில் அக்கா வீடு, அத்தை வீடு, கல்யாணம், காதுகுத்து என்று நம் ஞாயிற்றுக்கிழமைகளை மற்றவர்களே நிரப்பிவிடுவார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை. போதாக்குறைக்கு ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் சட்டப்படியே மூடிக் கிடக்கும். இரண்டு பேர், ஒரு சின்ன வீடு, வெளியே தூறல். மதியத்துக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்து, பாத்திரம் கழுவுவதில் சண்டை வந்துவிடும். எஸ்ஸன் நகரில் வசிக்கும் எங்களுக்கு இந்த டிக்கெட் அந்தச் சண்டைகளில் பாதியையாவது குறைத்திருக்கிறது.

2022 கோடையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு ஒரு டிக்கெட் விட்டார்கள். நாங்கள் வந்திறங்கியது அந்தக் கோடையில்தான். இந்த நாட்டில் எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிய என் கணவர் செப்டம்பரில் தெளிந்தார். பிறகு 2023 மே 1 அன்று டாய்ச்லாந்து டிக்கெட் வந்தது. அப்போது 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆயிற்று. 2026 ஜனவரியிலிருந்து 63. இந்தப் பணத்துக்கு நாடு முழுவதும் உள்ளூர் பஸ், டிராம், சுரங்க ரயில், புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் மாதம் முழுக்க ஏறி இறங்கலாம். இரண்டாம் வகுப்பு மட்டும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தொலைதூர வேக ரயில்களில் ஏறக் கூடாது. இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நடைமேடையில் வெள்ளை நிறத்தில் பளபளவென்று வந்து நிற்கிற ரயில் நமக்கானது அல்ல.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் நிறையப் பேர் உண்டு. என் கணவரும் அந்தக் கட்சிதான். மாதக் கடைசியில் டிக்கெட் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கூட்டிப் பார்த்து மகிழ்வார். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. இந்த டிக்கெட்டின் உண்மையான பயன், ஒரு பயணத்தைத் தயங்காமல் வீணாக்கலாம் என்பதுதான். தனித்தனி டிக்கெட் எடுத்துப் போகும்போது, கொடுத்த காசுக்குப் பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிடும். மழை பெய்தாலும் கோட்டை ஏற வேண்டும், கால் வலித்தாலும் அருங்காட்சியகத்தின் கடைசி அறை வரை போக வேண்டும். இந்த டிக்கெட் கையில் இருந்தால் பாதி வழியில் இறங்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரயிலில் திரும்பலாம். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் தனித்து வாழும் கணவன் மனைவிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எஸ்ஸனிலிருந்து வுப்பர்டால் நகருக்குப் போகும் எஸ்9 என்ற புறநகர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தூரமும் போனால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். எஸ்ஸன் இருக்கும் ரூர் பகுதி என்றதும் புகைபோக்கியும் நிலக்கரியும் நினைவுக்கு வருபவர்கள் இந்த ரயிலில் ஒருமுறை உட்கார வேண்டும். குப்பர்ட்ரே நிலையத்தைத் தாண்டியதும் தொழிற்சாலைகள் ஒழிந்து, பச்சைக் குன்றுகளும் ஓடையும் குதிரை மேயும் சரிவுகளும் வந்துவிடுகின்றன. லாங்கன்பர்க் என்ற இடத்தில் ஜன்னல் வழியாக மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகளைப் பார்த்து, "இறங்கிவிடலாமா?" என்று கேட்டேன். திட்டத்தில் இல்லாத எதையும் செய்யாத மனிதர், டிக்கெட்டை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எழுந்துவிட்டார். கல் பாவிய தெருக்களில் சுற்றினோம், எலுமிச்சை சாதத்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். அதே வழியில் நெவிகஸ் என்ற ஊரில் காட்ஃப்ரீட் பொம் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய யாத்திரைத் தேவாலயம் இருக்கிறது. 1968இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கான்கிரீட்டில் மடித்து மடித்து நிறுத்திய மலை. உள்ளே இருட்டு, அந்த இருட்டில் சிவப்புக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சம். அழகு என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் கணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வுப்பர்டாலில் தொங்கு ரயில். இதற்காக மட்டுமே கூட இந்த டிக்கெட்டை வாங்கலாம் என்பேன். 1901இல் ஓடத் தொடங்கியது, 13.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள். பெரும்பகுதி வுப்பர் ஆற்றுக்கு மேலேயே, இரும்புக் கால்களில் தாங்கிய ஒற்றைத் தண்டவாளத்தில் தொங்கியபடி போகிறது. மேற்குக் கோடியில் ஆற்றை விட்டு விலகி, தெருவுக்கு மேலே வீடுகளின் இரண்டாம் மாடி ஜன்னல்களை உரசுகிற மாதிரி நகர்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இடம் பிடிக்க ஒரு யோசனை: வண்டியின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வளைவுகளில் பெட்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஆடும்போது வயிற்றுக்குள் ஏதோ புரளும், ஆனால் எழுந்திருக்க மனம் வராது. 1950 ஜூலையில் ஒரு சர்க்கஸ் விளம்பரத்துக்காக டஃப்பி என்ற குட்டி யானையை இதில் ஏற்றினார்கள். அது மிரண்டு, பக்கவாட்டை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டது. சிறு காயங்களோடு பிழைத்தும் கொண்டது. யானையை ரயிலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கோயில் பாகன் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ரைன் பள்ளத்தாக்கு இன்னும் பெரிய விருந்து, ஆனால் முழு நாளையும் கேட்கும். கொலோன் வரை ஒரு ரயில். அங்கே மாறி, பான், ரேமாகன் வழியாகக் கோப்லென்ஸ். ரேமாகனில் 1945 மார்ச்சில் அமெரிக்கப் படை கைப்பற்றிய, பிறகு பத்து நாளில் இடிந்து விழுந்த பாலத்தின் கருங்கல் கோபுரங்கள் மட்டும் கரையில் நிற்கின்றன. கோப்லென்ஸில் மோசல் ஆறு ரைனோடு சேருகிறது. கூடுதுறையைப் பார்த்தவுடன் முங்கி எழ வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இங்கே அந்த முனையில் குதிரைமேல் ஒரு பேரரசரை உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல பகுதி அதற்கு அப்பால்தான். கோப்லென்ஸிலிருந்து பிங்கன் வரை ஆர்.பி.26 என்ற நின்று நின்று போகும் ரயிலில் ஏறி, தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை கோட்டைகள்! இந்தப் பள்ளத்தாக்கு 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எதிர்க்கரையில் 132 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் லோரலை பாறை வரும்போது, பெட்டியில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். ஆற்றில் போகும் உல்லாசப் படகுகளுக்கு இந்த டிக்கெட் செல்லாது, தனியாகக் காசு. எனக்கு ரயிலே போதும். படகில் போனால் கோட்டைகளை விட மற்றவர்களின் கைப்பேசிகளைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் இதே டிக்கெட்தான். எஸ்ஸனிலிருந்து நேர் ரயில், பிறகு கோயில் இருக்கும் ஊன்ட்ராப் பகுதி வரை பஸ். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய கோயில். தொழிற்பேட்டைக்கு நடுவே 17 மீட்டர் ராஜகோபுரம் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தானாகவே போகிறது. கோடைத் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். தீர்த்தத்துக்கு அம்பாள் பக்கத்துக் கால்வாய்க்கு எழுந்தருளுகிறாள். அன்று காலை ரயிலிலேயே பட்டுப்புடவைகளும் மல்லிகை வாசமும். எதிர் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "பிள்ளை, எங்கே இருந்து வருகிறீர்கள்?" என்று தொடங்கி, இறங்குவதற்குள் எங்கள் இரு வீட்டுக் கதையையும் கேட்டு முடித்துவிட்டார். யாராவது அப்படி விசாரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். வட்டார ரயில்கள் தாமதமாகும். சில நேரம் வராமலே போகும். நடைமேடை மாறிவிட்டது என்று ஒலிபெருக்கி கடைசி நிமிடத்தில் சொல்லும். குளிரில் சிவந்த மூக்கோடு எல்லோரும் படி ஏறி ஓடுவோம். ஒரு மணி நேரம் தாமதமானால் இழப்பீடு உண்டு என்று கேட்டுப் பரவசப்பட வேண்டாம். இந்த டிக்கெட்டுக்கு அந்தத் தொகை 1.50 யூரோ, 4 யூரோவுக்குக் கீழே இருந்தால் தரமாட்டார்கள். ஆக, மூன்று முறை தாமதமாகி, மூன்றையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். என் கணவர் அதற்கென்று ஒரு கோப்பு வைத்திருக்கிறார். திரும்பி வரும் கடைசி ரயிலை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள் என்பது என் அறிவுரை. கடைசிக்கு முந்தைய ரயிலுக்கும் முந்தையதுதான் நம்முடைய ரயில்.

தூரமும் ஏமாற்றும். நாடு முழுவதும் செல்லும் என்றவுடன் ஹாம்பர்க் போகலாம் என்று கிளம்பத் தோன்றும். வேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போகிற ஊருக்கு, ஒஸ்னாப்ரூக்கிலும் பிரேமனிலும் மாறி ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கே துறைமுகப் படகுகளில்கூட இந்த டிக்கெட் செல்லும் என்பது உண்மைதான், எல்ப ஆற்றில் 62ஆம் எண் படகு அருமையாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவது வயதான முழங்கால்களுக்கு ஆகாது. இரண்டு மணி நேர வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கும் சனிக்கிழமைகளில் சைக்கிள்காரர்களும் கால்பந்து ரசிகர்களும் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். போட்டி நடக்கும் நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும்.

இது சந்தா முறை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு மாதத்தோடு நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11ஆம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். நாங்கள் ஊருக்கு வரும் மாதங்களில் நிறுத்திவிட்டுத் திரும்பியதும் புதிதாக எடுத்துக்கொள்கிறோம். கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், அட்டையாகத் தரும் நிறுவனத்திடம் வாங்குவது மேல். பரிசோதகர் வரும்போது பேட்டரி தீர்ந்திருந்தால் விளக்கம் சொல்லி மாளாது. செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாதவருக்கு அபராதம் 60 யூரோ. பெயர் போட்ட டிக்கெட் என்பதால் புகைப்படம் உள்ள அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது அந்தப் பெயர் விவகாரம்தான். ஒருவர் டிக்கெட்டில் மற்றவர் போக முடியாது. கணவன் மனைவிக்கென்று சேர்த்து வாங்கும் வசதியும் கிடையாது. இரண்டு பேருக்கு மாதம் 126 யூரோ. மாதம் ஒருமுறைதான் வெளியே போகிறவர்கள் என்றால் இது வேண்டாம். ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் ஒரு நாள் டிக்கெட்டுகள் இருக்கின்றன, இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் மலிவாகவே முடியும். இருவரில் ஒருவர் தினமும் வேலைக்கோ மொழி வகுப்புக்கோ பயணம் செய்கிறவர் என்றால் அவருக்கு யோசிக்காமல் வாங்கிவிடலாம். வீட்டில் இருக்கும் மற்றவருக்கும் வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். டிக்கெட் இல்லாதவர், அடுத்தவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். எனக்கென்று டிக்கெட் வந்த பிறகுதான், செவ்வாய்க்கிழமை காலையில் தனியாக 107ஆம் எண் டிராம் ஏறிப் போய், 1986இல் மூடிய ட்சோல்பெரைன் நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய தண்டவாளங்களுக்கு நடுவே நடந்துவிட்டு மதியச் சமையலுக்குள் திரும்பும் பழக்கம் வந்தது.

வேலை பார்க்கும் நிறுவனம் குறைந்தது கால் பங்கு ஏற்றுக்கொண்டால், இன்னொரு 5 சதவீதமும் தள்ளுபடி ஆகும். அப்படிப் பார்த்தால் 63 யூரோ டிக்கெட் 44.10க்குக் கிடைக்கும். என் கணவர் அப்படித்தான் வாங்குகிறார், நான் முழு விலை கொடுக்கிறேன். ஊழியரின் மனைவிக்கும் இந்தச் சலுகை உண்டா என்று அலுவலகத்தில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். தாமத ரயில் கோப்பை இவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கிற மனிதர், இதை மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மறந்துவிட்டு வருகிறார்.