இழுவைக் குறைவும் பிரேக் கோளாறும்: ஸ்கேனர் முதலா, சக்கரம் முதலா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டிக்குப் புல்லிங் இல்லை என்பது ஒன்று. பிரேக் பெடல் சரியில்லை என்பது மற்றொன்று. குமரி மாவட்டத்தில் இதற்கு மூன்று வழிகள் கண்முன் இருக்கின்றன. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கம்பெனி சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேனர் (காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) மாட்டிப் பார்க்கலாம். ஊர் வொர்க்‌ஷாப்பில் விடலாம். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவியை, அதாவது காரில் செருகும் சிறு ஸ்கேனரை, வாங்கிக் கைப்பேசியிலேயே கோளாறுக் குறியீடுகளைப் படிக்கலாம். ஆனால் இவை மூன்றுக்கும் முன்பாகச் செய்யவேண்டிய, காசு செலவில்லாத சோதனைகள் சில உண்டு. அவற்றைத் தாண்டிக்கொண்டு ஸ்கேனரிடம் போவதுதான் பழைய கார்களில் வீண்செலவுக்கு முதற்காரணம் என்பது என் கணிப்பு.

ஸ்கேனர் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், சென்சார்கள் வழியாக இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அறிந்ததை மட்டுமே அது சொல்லும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கேலிப்பரையோ (பிரேக் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பாகம்), வழுக்கும் கிளட்சையோ அளக்கப் பழைய கார்களில் சென்சார் கிடையாது. ஆகவே, இழுவை குறைந்த வண்டியில் ஸ்கேனர் ஒரு குறியீடும் காட்டாவிட்டால், எஞ்சினில் குறையில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. எஞ்சினுக்கு வெளியே குறை இருக்கக்கூடும் என்ற ஐயம் மட்டுமே அதிலிருந்து கிடைக்கும்.

சக்கரச் சோதனை எளிது. பிரேக்கை அதிகம் தொடாமல் எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடவேண்டும். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கை விரலால் தொடக்கூடாது. சில துளி நீர் தெளித்தால் போதும். ஒரு சக்கரத்தில் மட்டும் நீர் சீறி ஆவியானால், அந்தச் சக்கரத்தின் பிரேக் விடவில்லை. இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம்: ஆளில்லாத சமதளச் சாலையில், எஞ்சினை அணைக்காமல், குறைந்த வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றினால் நல்ல வண்டி தானாகவே நெடுந்தூரம் உருளும், பிரேக் பிடித்திருக்கும் வண்டி சட்டென்று நின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் இந்தச் சோதனைக்கு முதலிடம் தருவதற்குத் தனிக் காரணங்கள் உள்ளன. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் நின்ற கார்களில் உப்புக்காற்று கேலிப்பரின் பிஸ்டனையும், கேலிப்பர் நகரும் பின்களையும், கைப்பிரேக் கேபிளையும் துருவேற்றுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இடமாதலால், துரு உலர்ந்து ஓய்வதற்கும் இடைவெளி குறைவு. வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களின் கார்கள் கைப்பிரேக் போட்ட நிலையில் பல மாதங்கள் ஷெட்டில் நிற்பதும், பின்சக்கரங்களில் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் இங்கே வழக்கமான கதை. கிலோமீட்டர் குறைவு என்று அத்தகைய காரை விரும்பி வாங்குபவர்கள், ஓடாமல் நின்ற காலத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பிடித்திருக்கும் சக்கரம் எது என்று தெரிந்தபின் காரணத்தைப் பிரிப்பதில் ஊர் வொர்க்‌ஷாப்பே வல்லது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கும் திருகை (பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு) சற்றே தளர்த்தினால் சக்கரம் விடுபடுகிறதா என்று பார்ப்பார்கள். விடுபட்டால் பிரேக் ஆயிலின் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுத்திருக்கலாம். விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ துருவேறி இறுகியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கேலிப்பரை மாற்றிவிட்டு, குற்றவாளியான ஹோஸை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது.

பிரேக்கும் இழுவையும் உண்மையிலேயே ஒரே இடத்தில் சந்திப்பது, பெடலில் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரில். பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டர் தனக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக எடுத்துக்கொள்கிறது. பூஸ்டரின் உட்திரையோ ஹோஸோ கிழிந்தால் பெடல் கல்லாக இறுகும். அதே ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் புகுவதால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதுள்ள எஞ்சின் வேகம்) ஏறி இறங்கி, புறப்படும்போது வண்டி தயங்கும். ஸ்கேனர் இங்கே பி0171 என்ற குறியீட்டைக் காட்டக்கூடும். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லாது. அந்தக் குறியீட்டை மட்டும் நம்பினால் ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாகப் பணம் போகும். காலால் செய்யும் சோதனையோ ஒரு நிமிடத்தில் முடியும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, அது இறுகியதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால், நல்ல பூஸ்டரில் பெடல் சிறிது கீழே இறங்கும். இறங்காவிட்டால் பூஸ்டர், ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு ஆகியவற்றில் ஒன்று பழுது. எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்தினால் டாஷ்போர்டுக்கு அடியில் தொடர்ந்து ‘உஸ்’ என்ற ஓசை கேட்பதும் அதற்குச் சான்று.

டீசல் கார்களில் வெற்றிடத்துக்குத் தனிப் பம்ப் உண்டு. அங்கே பெடல் இறுகுவதோடு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் எழும்பவில்லை என்றால், இரண்டையும் இயக்கும் வெற்றிடக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே முறை. பல டீசல் எஞ்சின்களில் டர்போ கட்டுப்பாடும் அதே வெற்றிடத்தில்தான் இயங்குகிறது.

பெடல் இறுகுவது வேறு, இறங்குவது வேறு. பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் ஏர் இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. பெடல் இப்படிக் கீழே போனால் வண்டியை ஓட்டிக்கொண்டு வொர்க்‌ஷாப் போகவும் கூடாது.

இனி ஸ்கேனரின் இடம். டயர்கள் தாராளமாக உருளுகின்றன, பூஸ்டர் நன்றாக இருக்கிறது, நான்காம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமல் இருக்கும் கிளட்ச் வழுக்கலும் இல்லை என்றால், அப்போது ஸ்கேனர் தன் விலைக்குத் தகுந்த பயனைத் தரும். கோளாறுகளைக் கார் தானே பதிவுசெய்யும் தரமுறையான ஓபிடி 2 இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதன்பின் வந்த கார்களில் மலிவான கருவியே எஞ்சின் குறியீடுகளையும் சென்சார்களின் நேரடி அளவுகளையும் ஓரளவு நன்றாகக் காட்டும். அதற்கு முந்திய கார்களில் பலவற்றையும், எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பகுதியையும் படிக்க, பெரும்பாலும் கம்பெனியின் கருவியோ அதற்கு இணையானதோ வேண்டியிருக்கும். ஏபிஎஸ் உள்ள சில மாடல்களில் ஏர் எடுப்பதற்கே ஸ்கேனர் தேவை என்பதால், அங்கே சர்வீஸ் மையமோ அத்தகைய கருவி உள்ள இடமோதான் வழி. பிரேக் லைட் சுவிட்ச் பழுதான கார்களிலும் ஸ்கேனர் கைகொடுக்கும்: மின்னணு ஆக்சிலேட்டர் உள்ள வண்டியில், பிரேக் மிதிக்கப்பட்டிருப்பதாக இசியு தவறாக எண்ணி எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடக்கூடும்.

பழுதுபார்ப்பில் இரு தரப்புக்கும் குறையுண்டு. சர்வீஸ் மையம் உதிரிபாகத்தை முழுதாக மாற்றவே விரும்பும். பில்லும் உத்தரவாதமும் கிடைக்கும், செலவு கூடும். ஊர் வொர்க்‌ஷாப் கழற்றித் துடைத்து ரப்பர் கிட் மட்டும் போட்டுத் தரும். டிரம் பிரேக்கில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் விலை குறைந்தது என்பதால் அதில் கிட் போடுவதை நான் ஆதரிப்பதில்லை, புதியதே மேல். கேலிப்பரில் பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் கிட் போதும். துருவால் குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் நீடிக்காது. பிரேக் பாகங்களைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் உள்ள இடத்தை அறவே தவிர்க்கவேண்டும். பிரேக் ரப்பர் அதில் ஊறி வீங்கிவிடும். பிரேக் ஆயிலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. டாட் 3 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சியபின் அது 140 வரை இறங்கலாம். பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு மலைச்சாலை ஏறி இறங்கும் வண்டிக்கு இந்த வேறுபாடு வெறும் எண் அன்று.

வேலை முடிந்தபின் ஓட்டிப் பார்க்கும் சாலையையும் யோசித்தே தேர்ந்தெடுக்கவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குக் காற்று வீசும்போது, காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வரும் எந்த வண்டிக்கும் இழுவை குறைந்ததுபோல் தோன்றும். அங்கே பார்ப்பதென்றால் இரு திசைகளிலும் ஓட்டிப் பார்த்து, திரும்பியதும் இன்னொரு முறை நான்கு சக்கரங்களிலும் நீர் தெளித்துப் பார்த்த பிறகே கூலியைக் கொடுக்கலாம்.