கறுப்புக் கவுனி: அரிசி அருமை, பையிலிருக்கும் குறிப்பு ஆகாது

எங்கள் தெருமுனை மரபு அரிசிக் கடையில் வாங்கும் கறுப்புக் கவுனி, கிலோ 190 ரூபாய். பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். சோதித்துப் பார்க்காமல் உலையில் போட மனம் வராது.

மணியைக் கடித்தால் உள்ளே வெள்ளை. கறுப்பு முழுக்க மேல்தவிட்டில். அப்படித்தான் இருக்க வேண்டும். ஊறிய நீரில் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டேன், பளிச்சென்று சிவந்தது. இன்னொரு கரண்டியில் ஆப்பசோடா தூவினேன், நீலப்பச்சைக்குத் திரும்பியது. ஆந்தோசயனின் நிறமியின் குணம் இது. அரிசிக்கு முழு மதிப்பெண்.

என் கோபமெல்லாம் பையின் மேல்தான். முன்புறம் "நிறமியே மருந்து, சர்க்கரை நோயை விரட்டும்" என்கிறார்கள். பின்புறம் "இரவு ஊறவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டு வேகவைக்கவும்" என்கிறார்கள். ஆந்தோசயனின் நீரில் கரைவது! எதற்காகக் காசு கொடுத்தோமோ அதில் ஒரு பங்கைச் சாக்கடையில் ஊற்றச் சொல்வது என்ன நியாயம்? ஒருமுறை விரைவாகக் கழுவி, ஊறவைத்த நீரோடேயே குக்கரில் வையுங்கள்.

'விரட்டும்' என்பதும் தவறு. வயிற்றுக் கொழுப்பு பெருகும்போது அங்கே நோயெதிர்ப்பு அணுக்கள் திரண்டு, இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களை ஓயாமல் சுரக்கின்றன. காய்ச்சல் இராது, வலி இராது. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி அது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். கவுனியிலுள்ள சயனிடின்-3-குளுக்கோசைடு என்ற ஆந்தோசயனின் இந்த அழற்சியைத் தணிப்பதை ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் ஒருபடித்தாக இல்லை. நிறமியில் சொற்பமே அப்படியே இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைகிறது. சாப்பாட்டில் சேர்க்கத் தகுந்த பொருள் என்று சொல்ல இது போதும்; மாத்திரையை நிறுத்த இது போதாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடுக்கிறது. அரிசிப் பையில் அந்த வாசகத்துக்கு என்ன வேலை?

சுவையில் குறையே இல்லை. மென்று சாப்பிட வேண்டிய அரிசி, கஞ்சிக்கு அபாரம். செட்டிநாட்டு விருந்துகளில் சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்துப் பரிமாறும் கவுனி அரிசியும் எனக்கு உயிர்தான். ஆனால் அழற்சி குறையும் என்று சொல்லிக்கொண்டு அதைச் சாப்பிடக்கூடாது.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும். பொதி கட்டிய தேதியைப் பார்த்து, அரைக் கிலோவாகவே வாங்குங்கள்.