போர்ட் லூயிக்குப் போக பஸ்ஸா, மெட்ரோவா, டாக்சியா?

தைப்பூசம் நெருங்கினால் போதும், மொரீஷியஸில் இருக்கும் எங்களுக்கு இந்தியாவில் இருந்து ஒரே கேள்வி வரும்: "மெட்ரோ வந்துவிட்டதாமே, ஏர்போர்ட்டில் ஏறி நேராக போர்ட் லூயி போய்விடலாமா?" போக முடியாது. போர்ட் லூயியில் கிளம்பும் மெட்ரோ தீவின் நடுவே இருக்கும் கியூர்பிப்போடு நின்றுவிடுகிறது. ஏர்போர்ட்டோ தீவின் தென்கிழக்கில், பிளேசான்ஸில் இருக்கிறது. தலைநகருக்கு அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் காலத்து ரயில் தெற்கே, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து ஊரான மாயேபூர் வரைக்கும் ஓடியது. 1956-ல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், 1964-ல் மொத்தமாக மூடிவிட்டார்கள். இப்போது திரும்பி வந்திருப்பது அதில் பாதிதான்.

சரி, பஸ். மாயேபூருக்கும் போர்ட் லூயிக்கும் இடையே ஓடும் பஸ் ஏர்போர்ட் வழியாக வரும். டாக்சிக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தோளில் ஒரு பை மட்டும் இருந்து, பகலில் இறங்கினால், வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நடுவழியில் செக்கிங் ஏறுவார்கள். ரூபாய் நோட்டை நீட்டும் முன் ஒரு தடவை பாருங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கும். 1998-ல் வந்த நோட்டில் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று இங்கே பெரிய போராட்டமே நடந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆனால் பெட்டியோடு வந்தால் பஸ் வேண்டாம். என் சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்காமல் இரண்டு பெரிய சூட்கேஸும் முறுக்கு டின்னுமாக ஏறினார். பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது, நடைபாதையில்தான் நிறுத்த வேண்டும். முதல் ரவுண்டானாவில் பஸ் வளைந்ததும் ஒரு பெட்டி சக்கரத்தில் உருண்டு பின்சீட்டுப் பாட்டியின் காலில் போய் முட்டியது. பாட்டி இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ஏதோ சொன்னார். சித்தப்பாவுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது, மொழிபெயர்க்கவில்லை. இன்னொன்று, பொழுது சாய்ந்த பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. ராத்திரி விமானத்தில் வருகிறவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

அவர்களுக்கு டாக்சிதான். மீட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் இங்கே இல்லை, பேசித்தான் ஏற வேண்டும். "மொத்தம் எவ்வளவு, பெட்டிக்கும் சேர்த்தா?" என்று கதவைத் திறக்கும் முன்பே கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் ஏறிவிட்டு, இறங்கும்போது பெட்டிக்குத் தனியாக, ராத்திரிக்குத் தனியாக என்று அழுதேன். தங்கும் இடத்திலேயே சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொண்டால் இந்தத் தலைவலி இல்லை. நாலு பேர் குடும்பமாக வந்தால் தலைக்கு ஒன்றும் பெரிதாக வராது.

வாடகைக் காரும் உண்டு. நம் ஊர் மாதிரியே இடதுபக்கம் ஓட்டுவதால் பழகச் சிரமம் இல்லை. கடற்கரைப் பக்கம் சுற்ற அதைவிட வசதி வேறில்லை. போர்ட் லூயிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்! காலையில் நகரத்துக்குள் நுழையும் பெருஞ்சாலை அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே போன பிறகு வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை.

மெட்ரோவின் அருமை அங்கேதான் தெரியும். கியூர்பிப், வாக்குவா, கத்ர் போர்ன், ரோஸ் ஹில் இந்தப் பக்கம் எங்கேயாவது தங்கினால் கண்ணை மூடிக்கொண்டு மெட்ரோவில் ஏறலாம். முதல் கட்டம் ரோஸ் ஹில் வரை வந்தது, 2022-ல் கியூர்பிப்பைத் தொட்டது. கோடிக்குக் கோடி 26 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் போல ஆகும். ஏசி, சுத்தம், நேரத்துக்கு வரும். ஆபீஸ் நேரத்தில் மட்டும் நிற்கக்கூட இடம் இருக்காது. போர்ட் லூயியின் விக்டோரியா ஸ்டேஷனில் இறங்கினால் மார்க்கெட், கோதான் என்கிற கடலோரக் கடைவீதி, இந்தியக் கூலித் தொழிலாளர்கள் வந்து இறங்கிய அப்பிரவாசி காட் எல்லாம் நடந்தே போகலாம். சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்கு மட்டும் இமிகிரேஷன் சதுக்கத்தில் இருந்து வடக்கே போகும் பஸ் பிடிக்க வேண்டும். காவடி அன்று அரசு விடுமுறை, கூட்டமும் நிறைய, அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

ஏர்போர்ட்டில் இருந்து கியூர்பிப் வரை பஸ், அங்கே மெட்ரோ மாறுவது என்று சிலர் யோசனை சொல்வார்கள். பையோடு தனியாக வரும் இளவட்டங்களுக்குச் சரி. கியூர்பிப்பில் எந்நேரமும் மழை பெய்யும், குடையைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். சித்தப்பா இந்த வருஷமும் வருகிறார். டாக்சி சொல்லியாகிவிட்டது, முறுக்கு டின் மூன்றாம்.